அந்த 28 நாள்!

கறம்பக்குடி கடைத்தெருவில் ஒரு டீக்கடை நாய் இருக்கிறது. பெயர் மணி. (தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு மணி, மீதிப் பாதிக்கு டைகர்.) பட்டுக்கோட்டை பஸ் ஏர்ஹாரனை அமுக்கிக்கொண்டு அரை அடி தள்ளி உரசிப் போகும். மணி ஒரு கண்ணை மட்டும் திறந்து, பஸ் நம்பரைப் படித்துவிட்டு, மறுபடி மூடிக்கொள்ளும். தவில் செட்டு, சாவு மேளம், சரணம் போட்டபடி போகிற ஐயப்ப சாமிகள், ஸ்கூல் விட்டதும் திமுதிமுவென்று ஓடுகிற பிள்ளைகள்... எதற்கும் எழுந்திருக்காது. 'வர்றவன் வருவான், போறவன் போவான்' என்று ஒரு ரிடையர்டு தாசில்தார் தோரணை!

அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு மாடி வீடு. கிரில் கேட். 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு. உள்ளே இருப்பது காசு கொடுத்து, சர்டிபிகேட்டோடு வாங்கி வந்த ஜாதி நாய். காஸ் சிலிண்டர் உருட்டும் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். குடையை விரித்தால் நின்ற இடத்திலேயே ஈரம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு யாராவது வந்தால் மட்டும் பயம் போய்விடும். நேரே கெண்டைக்கால்தான்.

இத்தனைக்கும் மணிக்கு யாரும் டிரெயினிங் கொடுக்கவில்லை. சர்டிபிகேட்காரருக்கு மாசம் பொறந்தால் தீனிச் செலவே ஒரு ஆள் சம்பளம். எங்கே இடிக்கிறது?

பிறந்த இடத்தில் இடிக்கிறது சார். மணி பிறந்தது டீக்கடை விறகு அடுக்குக்குப் பின்னால். கண் திறந்ததும் மனிதக் கால்கள். காது திறந்ததும் பாய்லர் சத்தம். ஆறாவது வாரத்திலேயே அது ஒரு ஊரைப் பார்த்து முடித்துவிட்டது. ஜாதி நாயோ கூண்டில் பிறந்து, அட்டைப் பெட்டியில் பஸ் ஏறி, மாடி ரூமில் இறங்கியது. அது பார்த்த உலகம் நாலு சுவர், ஒரு ஃபேன், ஓனர்.

இது டீக்கடை பெஞ்சில் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்று இரண்டு பேர் வருஷக்கணக்கில் நாய்க்குட்டிகளோடேயே காலம் தள்ளினார்கள். 1965-ல் அதைப் பெரிய புத்தகமாகவும் போட்டார்கள். அதற்கு முன்பே, 1961-ல், அதே இடத்தில் ஃப்ரீட்மன் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். உயரமாக வேலி போட்ட வயல். அதற்குள் தாயோடு குட்டிகள். சாப்பாடு போகும்; மனித முகம் மட்டும் தெரியக் கூடாது. சில குட்டிகளை இரண்டாவது வாரத்தில், சிலதை மூன்றில், ஐந்தில், ஏழில், ஒன்பதில் என்று வெளியே எடுத்து, ஒரே ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டுத் திரும்ப வேலிக்குள் விட்டார்கள். சில குட்டிகளை 14 வாரம் வரைக்கும் எடுக்கவே இல்லை.

எடுக்காத குட்டிகள் 14-வது வாரத்தில் எப்படி இருந்தன? காட்டு மிருகம்! அத்தனையும் சாதுவான, வீட்டில் வளர்க்கிற ஜாதிகள். ஆனால் மனிதனைக் கண்டால் நரியைக் கண்ட கோழி மாதிரி ஓட்டம். அதில் ஒன்றை அதற்கப்புறம் மூன்று மாதம் விடாமல் கொஞ்சிப் பார்த்தும் கொஞ்சம்தான் தேறியது. ஏழாவது வாரத்தை ஒட்டி எடுத்ததுகளுக்கோ அந்த ஒரு வாரமே தாராளமாகப் போதுமாக இருந்தது.

ஆக, நாய்க்குட்டியின் மூளையில் ஒரு கதவு. மூன்றாவது வாரம் திறக்கிறது. பன்னிரண்டாவது வாரம் சுமாருக்குச் சாத்திக்கொள்கிறது. (சிலதுக்கு ஒன்றிரண்டு வாரம் கூடும்.) கதவு திறந்திருக்கும்போது உள்ளே போனதெல்லாம் 'நம்ம ஆளு'. சாத்தினதுக்கு அப்புறம் வருவதெல்லாம் 'யார்ரா நீ?'. முதலில் ஆர்வம் முன்னால் நிற்கும், பயம் பின்னால். போகப்போக பயம் முன்னால் வந்துவிடும். காட்டில் பிழைக்க வேண்டிய ஜந்துவுக்கு அது நியாயமான ஏற்பாடுதான். நம் மாடி ரூமில்தான் அது வம்பாகிறது.

இனிமேல் கணக்கு. குட்டி எட்டு வாரம் தாயிடம் இருக்க வேண்டும். சென்டிமென்ட் இல்லை. கடிக்கிற அளவு தெரிவது அங்கேதான். கூடப்பிறந்ததின் காதை அழுத்திக் கடித்தால் அது 'கீச்'சென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். 'ஓஹோ, இவ்வளவுதான் அழுத்தணும்' என்று பல்லுக்குப் புத்தி வருவது அப்போதுதான். நாலு வாரக் குட்டியை ஒயர் கூடையில் போட்டு வாங்கி வருகிறவர்கள் அளவு தெரியாத பல்லை வாங்கி வருகிறார்கள். 2017-ல் வந்த நாய் வளர்ப்பு-விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. விற்கிறவர் 'நாப்பது நாள் ஆச்சு சார், சோறு திங்குது' என்பார். சோறு தின்பது வேறு.

எட்டு வாரத்தில் வீட்டுக்கு வருகிறது. பன்னிரண்டில் கதவு சாத்துகிறது. உங்கள் கையில் இருப்பது 28 நாள். கேபிள்காரர் கனெக்‌ஷன் கொடுக்க இழுத்தடிக்கிற நேரம்!

இந்த 28 நாளில் நம்ம பக்கத்தில் என்ன செய்கிறோம் தெரியுமோ? பூட்டி வைக்கிறோம். அதற்கு ஒரு சாஸ்திரமும் இருக்கிறது. 'வெளி ஆள் முகத்தைக் காட்டாதே மாப்ளே, அப்பத்தான் கோவமா வளரும்.' சிலர் மிளகாயைக் கூடச் சோற்றில் பிசைந்து போடுவார்கள். கோபம் வராது. வயிற்றுப்போக்குதான் வரும்.

எனக்குத் தெரிந்த ஒருத்தர். ஆபீஸ் உத்தியோகம். நல்ல மனுஷன், கைமாத்து கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கினார். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மேலே சொன்ன சாஸ்திரப்படி மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் கம்பியில் கட்டிப் போட்டார். யாரையும் தொடவிடவில்லை. நினைத்தபடியே வளர்ந்தது. ஒரு வருஷத்தில் காஸ்காரர் சிலிண்டரைக் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டு விசில் அடிக்க ஆரம்பித்தார். எங்கள் நண்பருக்குப் பெருமை தாங்கவில்லை.

பொங்கலுக்கு அவர் தங்கச்சி குடும்பத்தோடு வந்தது. தங்கச்சி மகன் நாலு வயசு. கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு 'நாயா, நாயா' என்று ஓடினான். அந்த நாய் தன் வாழ்நாளில் சின்னப் பிள்ளையையே பார்த்ததில்லை. ஓடி வருகிற, கீச்சுக்குரலில் கத்துகிற, கையில் கம்பு வைத்திருக்கிற குள்ள மனிதன்! சங்கிலி நீளத்துக்கு மேல் அதனால் ஓடவும் முடியாது. கன்னத்தில் ஏழு தையல்.

அன்று ராத்திரியே நாயை வண்டியில் ஏற்றித் தைலமரக் காட்டில் விட்டுவிட்டு வந்தார். (புதுக்கோட்டை ஜில்லாவில் தைலமரக் காட்டுக்குப் பஞ்சமா?) மூன்றாம் நாள் காலையில் அது கேட்டுக்கு வெளியே படுத்திருந்தது. வாலை ஆட்டியது. அந்த வீட்டில் அதற்குப் பயமில்லாத ஒரே ஆள் அவர்தான். மறுபடி ஏற்றினார். இந்த முறை தூரமாக. அதற்கப்புறம் வரவில்லை. நண்பர் இப்போதும் நாய்ப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் டில்லித் தெரு நாய்களைப் பற்றி உத்தரவு போட்டதிலிருந்து எல்லா டீக்கடையிலும் தெரு நாய்தான் பேச்சு. பேச வேண்டியதுதான். கேட்டுக்கு உள்ளே கட்டிக் கிடக்கிற நாயைப் பற்றி ஒரு பயலும் பேசக் காணோம்.

'அப்ப காவலுக்கு நாய் வேண்டாமா? எல்லாரையும் பழக்கிட்டா திருடனுக்கும் வாலாட்டாதா?' என்று கேட்பீர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. மாடு பிடிச் சண்டையில் செத்துப்போன வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கி, பெயரும் எழுதியிருக்கிறார்கள். கோவிவன்! இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். கல்லில் பெயர் ஏறின நாய் எத்தனை இருக்கும் சொல்லுங்கள். அது மாட்டு மந்தையோடும், இடையர்களோடும், பிள்ளைகளோடும் திரிந்த நாயாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடித்தது இரண்டு திருடர்களை, பால்காரரை இல்லை. தினமும் வருகிறவன் எப்படி வருவான் என்று தெரிந்த நாய்க்குத்தான் திருட்டுத்தனமாக வருகிறவன் வித்தியாசமாகத் தெரியும். எல்லாரையும் பார்த்துக் குரைக்கிற நாயை, மூன்றாவது நாள் ஓனரே எழுந்து பார்க்க மாட்டார்.

சரி, என்னதான் செய்வது? ஆபீஸ் போகிறவருக்குக் காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் போதும். ஒரு நாளைக்கு ஒரு புது ஆள், ஒரு புது சத்தம், ஒரு புதுத் தரை. சட்டைப் பையில் அவித்த முட்டையோ கோழியோ, சின்னச் சின்னத் துண்டாக. (சாக்லெட் கூடவே கூடாது. நாய்க்கு அது விஷம்.) ஆள் என்றால் எல்லா வகை ஆளும். தலைப்பாகை கட்டினவர், தாடி வைத்தவர், பர்தா போட்ட அம்மா, காக்கி உடுப்பு, கறுப்பு வேட்டி சாமி, கம்பு ஊன்றி நடக்கிற அப்பத்தா, ஹெல்மெட்காரர். நமக்கு எல்லாரும் மனிதர்கள். குட்டிக்கு ஹெல்மெட் போட்டவர் தனி ஜாதி. அதையும் இப்போதே அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். ஹெல்மெட்காரர் வந்தார், முட்டை கிடைத்தது. அவ்வளவுதான் பாடம்.

தரை என்றால் மொஸைக் மட்டும் இல்லை. மணல், ஈரப்புல், சாக்கடை மேல் போட்ட இரும்புக் கம்பி மூடி, காய்ந்த தென்னை மட்டை. சத்தம் என்றால் குக்கர் விசில், மிக்ஸி, டிராக்டர், கோயில் ஸ்பீக்கர். தீபாவளிக்கு ஆறு மாசம் இருந்தாலும் பட்டாசுச் சத்தத்தை செல்போனில் கொசு ரீங்கார அளவுக்கு வைத்துச் சோறு போடுங்கள். நாளைக்குக் கொஞ்சம் கூட. சட்டியிலிருந்து தலையைத் தூக்கினால் சத்தத்தைக் குறையுங்கள். தலை மறுபடி சட்டிக்குள் போகும்.

காலைப் பிடித்து நகத்தைப் பாருங்கள், காதைத் திருப்புங்கள், வாயைத் திறந்து பல்லை எண்ணுங்கள். தினமும் அரை நிமிஷம். பின்னால் கால்நடை டாக்டர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். ஊசி இல்லாத நாளில் சும்மா ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட்டிப் போய், ஒரு துண்டு கறி கொடுத்துத் திரும்புங்கள். நமக்கே பல் டாக்டரிடம் யாராவது அப்படிச் செய்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

ஒன்றே ஒன்று. 'பழக்குறேன் பேர்வழி' என்று தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு காலைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள். அது பழக்கமில்லை, பஞ்சாயத்து. பிள்ளை தரையில் உட்காரட்டும். குட்டி தானாக வரட்டும். வராவிட்டால் இன்றைக்கு வேண்டாம். வாலைக் காலிடுக்கில் சொருகுவது, காதைப் பின்னால் மடிப்பது, உதட்டை உதட்டை நக்குவது, தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது... எல்லாம் 'போதும் சாமி' என்று அர்த்தம். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது காலிங் பெல். பெல்லின் வயரை அறுத்துவிட்டால் ஆள் வருவது நிற்காது. சொல்லாமல் வருவான், அவ்வளவுதான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம். 'தடுப்பூசி முடியறதுக்குள்ள வெளியே கூட்டிப் போனா பார்வோ வந்துடாதா?' வரும். 1978-ல் உலகம் பூராவும் தலைகாட்டின வைரஸ் அது. ரத்த பேதியில் குட்டி இரண்டு நாளில் சுருண்டுவிடும். மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில். மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை தொடரும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி நடுவில் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுப்பதால்தான் இத்தனை தவணை. 16 வாரம் முடியட்டும் என்று காத்திருந்தால் கதவு சாத்தி ஒரு மாசம் ஆகியிருக்கும். இந்தச் சிக்கலைப் பற்றி அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2008-ல் ஒரு அறிக்கையே விட்டது. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், கவனத்தோடு, பழக்க ஆரம்பியுங்கள் என்று.

கவனம் என்றால்? தரையில் விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றுங்கள். டி.வி.எஸ். எக்ஸெலின் முன்னால் அரிசி மூட்டை வைக்கிற இடத்தில் ஒரு கூடை. இரண்டு மார்க்கெட், ஒரு பஸ் ஸ்டாண்ட், ஆட்டுச் சந்தம், கோழிச் சத்தம் எல்லாம் கூடையிலிருந்தே பார்க்கலாம். ஊசி போட்ட, உடம்புக்கு ஒன்றுமில்லாத நாய் இருக்கிற சிநேகிதர் வீட்டுத் திண்ணையில் இறக்கி விடலாம். தெரு நாய்கள் ஒண்ணுக்குப் போகிற லைட் கம்பத்தடியில்தான் கூடாது. கல்யாணமாகாத இளைஞர்களுக்கு உபரியாக ஒரு தகவல்: கூடையில் நாய்க்குட்டியோடு போகிறவரிடம் ஊரே நின்று பேசும். மற்றபடி உங்கள் சாமர்த்தியம்.

வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். அதைத் தள்ளிப் போடவே கூடாது. பழகின நாயும் கடிக்கும், விளையாட்டில் கீறும். பழைய ஆட்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போடுகிற 14 ஊசி ஞாபகம் இருக்கும். ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து. அதெல்லாம் 2005-க்குள் நம் நாட்டில் நிறுத்தியாகிவிட்டது. இப்போது கையில்தான், அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள்ளேயே போடுகிற முறையில் 0, 3, 7, 28 என்று நாலு நாள், காசில்லாமல். பிள்ளையைக் கடித்தால் முதலில் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் வேண்டாம். கழுவினதும் ஆஸ்பத்திரி. காயம் ஆழமென்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற தனி மருந்தும் உண்டு, கேட்டு வாங்குங்கள். நோய் தெரிய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எந்த டாக்டராலும் முடியாது.

'எங்க வீட்டுல ஏற்கெனவே ரெண்டு வயசு ஆயிடுச்சே' என்கிறவர்களுக்கு: கதவுக்குத் தாழ்ப்பாள்தான், பூட்டு இல்லை. ஆனால் நாள் கணக்கு மாசக் கணக்காகிவிடும். பயப்படுகிற ஆளை எத்தனை அடி தூரத்தில் பார்த்தால் நாய் நிம்மதியாகத் தின்கிறதோ, அங்கே நின்று ஊட்ட ஆரம்பியுங்கள். ஐம்பது அடி என்றால் ஐம்பது அடி. வாரத்துக்கு ஒரு அடி குறைந்தால் சந்தோஷப்படுங்கள். விருந்தாளி வருகிற நாளில் தனி ரூமில் விடுங்கள். சங்கிலியில் வேண்டாம், ஓட வழியில்லாத நாய்தான் பாயும். பொங்கலுக்குப் பிள்ளைகள் வருவதற்கு முன் ரூம் தாழ்ப்பாளை ஒரு தடவை சரி பாருங்கள்.

புதிதாகக் குட்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். பிறந்த தேதியை எழுதி வாங்கி, காலண்டரில் 56-வது நாளையும் 84-வது நாளையும் வட்டம் போட்டு, நடுவில் நாலு சனிக்கிழமைக்கு மட்டும் இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேனேஜர் காரணம் கேட்டால், 'வெளியூரிலிருந்து வந்த உறவினருக்கு ஊர் சுற்றிக் காட்ட வேண்டியிருப்பதால்' என்று போடலாம். பொய்யில்லை. உறவினர் பெயர் என்ன என்று மட்டும் கேட்காமல் இருக்க வேண்டும்.